பகத்சிங் எந்த மதத்தவர்? தீராத ஒரு வழக்கின் பின்னணி

1931 மார்ச் 23-ஆம் தேதி மாலை லாகூர் மத்தியச் சிறையில் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகிய மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். மறுநாள் அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மூவரின் உடல்களும் சட்லஜ் ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சீக்கிய, இந்து முறைகளின்படி எரிக்கப்பட்டன என்றும், எஞ்சியவை ஆற்றில் கரைக்கப்பட்டன என்றும் அதில் கண்டிருந்தது. உடல்களை உறவினரிடம் ஒப்படைக்காமல் பிரோஸ்பூருக்கு அருகே இரவோடிரவாக எரித்துவிட்ட அரசு, சடங்கில் மட்டும் குறை வைக்கவில்லை என்று ஊருக்குச் சொல்வதில் கவனமாக இருந்தது. அந்த மூவரில் ஒருவரோ, அதற்கு ஐந்தரை மாதங்களுக்கு முன்பு, 1930 அக்டோபர் 5, 6 தேதிகளில், தாம் ஏன் கடவுளை நம்பவில்லை என்பதைச் சிறைக்குள்ளிருந்தே ஒரு கட்டுரையாக விரிவாக எழுதி வைத்திருந்தார்.

பகத்சிங்குக்கு மதம் குறித்த முதல் அறிவிப்பு இவ்வாறு ஆங்கிலேய அரசின் கையால் வந்தது. அதன் பிறகு பலர் வந்தார்கள். அவர் உள்ளூரச் சீக்கியராகவே இருந்தார் என்பாரும், இந்துச் சீர்திருத்த இயக்கமான ஆரிய சமாஜத்தில் வளர்ந்த இந்து மரபின் வீரர் என்பாரும், தூய நாத்திகர் என்பாரும், அவர் எங்கள் மதத்தவரே இல்லை என்று தள்ளிவைப்பாரும் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை என்பதுதான் இந்த வழக்கின் சிக்கல். 23 ஆண்டுகளே நீடித்த அந்த வாழ்க்கையில் தமக்கு உகந்த ஆண்டு வந்ததும் நாட்காட்டியைக் கிழிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவே. ஆகவே அவர் எந்த மதத்தவர் என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பதைவிட, எந்த ஆண்டில் என்ன நம்பினார், அதற்குச் சான்று யாருடைய வாய்மொழி என்று பிரித்துக் கேட்பதே பயன் தரும்.

பிறப்பிலிருந்து தொடங்குவோம். 1907 செப்டம்பரில், இன்று பாகிஸ்தானில் உள்ள பைசலாபாத் பகுதியின் பங்கா கிராமத்தில் அவர் பிறந்தார். அப்போது அது லயால்பூர் மாவட்டம். குடும்பத்தின் பூர்வீகம் கிழக்குப் பஞ்சாபின் கட்கர் கலான். சாந்து எனும் ஜாட் குலத்தைச் சேர்ந்த சீக்கியக் குடும்பம் அது. ஆனால் தாத்தா அர்ஜன் சிங் அந்தச் சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதியின் போதனைகளால் ஈர்க்கப்பட்டு ஆரிய சமாஜத்தில் தீவிரமாக இருந்தவர். பேரப்பிள்ளைகளுக்கு உபநயனம் நடந்தது. அந்தச் சடங்கின்போது பேரனை நாட்டுத் தொண்டுக்கு அர்ப்பணிப்பதாகத் தாத்தா அறிவித்ததை, பின்னாளில் திருமணத்தைத் தவிர்த்து வீட்டைவிட்டுக் கிளம்பியபோது தந்தை கிஷன் சிங்குக்கு எழுதிய கடிதத்தில் பகத்சிங்கே நினைவூட்டினார். பெயரில் சிங், தோளில் பூணூல் என்பது இன்றைய வாசகருக்கு முரணாகத் தோன்றலாம். அக்காலப் பஞ்சாபில் அப்படித் தோன்றவில்லை.

இதற்குச் சிறிது விளக்கம் தேவை. 1870-களில் பஞ்சாபில் இரண்டு சீர்திருத்த இயக்கங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேர்விட்டன. 1873-இல் அமிர்தசரசில் சிங் சபை தோன்றியது; 1877-இல் லாகூரில் ஆரிய சமாஜக் கிளை நிறுவப்பட்டது. தொடக்கத்தில் சிலைவழிபாட்டையும் புரோகிதத்தையும் எதிர்த்த காரணத்தால், படித்த சீக்கிய இளைஞர் பலர் ஆரிய சமாஜத்தைத் தங்களுக்கு நெருக்கமானதாகவே கண்டார்கள். பிறகுதான் விரிசல் விழுந்தது. குரு நானக்கைப் பற்றித் தயானந்தர் எழுதியவை சீக்கியர்களைப் புண்படுத்தின. பிற மதத்தவரைத் தூய்மைச் சடங்கு செய்து சேர்த்துக்கொள்ளும் ஆரிய சமாஜத்தின் சுத்தி இயக்கம் சீக்கியர்களையும் தன் வரம்புக்குள் இழுக்க முற்பட்டது. 1898-இல் கான் சிங் நாபா 'நாங்கள் இந்துக்கள் அல்ல' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். 1909-இல் சீக்கியத் திருமண முறைக்கு ஆனந்த் திருமணச் சட்டம் சட்ட ஏற்பு அளித்தது. 1925-இல் குருத்வாரா சட்டம் வந்து, நிர்வாகம் தேர்ந்தெடுக்கப்பட்ட சீக்கிய அமைப்பின் கைக்குப் போனது. அதாவது, சீக்கியர் யார், இந்து யார் என்ற எல்லைக்கோடு சட்டத்திலும் நிறுவனங்களிலும் அழுத்தமாக வரையப்பட்ட அதே ஆண்டுகளில்தான் பகத்சிங் வளர்ந்தார். அவருடைய தாத்தாவின் தலைமுறை அந்தக் கோட்டுக்கு முந்தையது. பேரனைக் கோட்டின் எந்தப் பக்கம் நிறுத்துவது என்ற இன்றைய சண்டையில், கோடே இல்லாத காலத்து வீடு ஒன்றைக் கோடு போட்ட பிறகு வந்தவர்கள் பங்கு பிரிக்கிறார்கள்.

இந்து மரபுக்கு அவரை உரியவராக்குவோர் காட்டும் சான்றுகள் பெரும்பாலும் 1921-க்கு முந்தியவை. லாகூரில் ஆரிய சமாஜத்தார் நடத்திய டி.ஏ.வி. பள்ளியில் அவர் படித்தார். விடுதியில் தங்கியிருந்த ஓராண்டில் காலை மாலைப் பிரார்த்தனைகளோடு மணிக்கணக்காகக் காயத்ரி மந்திரமும் ஓதியதாகவும், அந்நாளில் தாம் முழுப் பக்தனாக இருந்ததாகவும் நாத்திகக் கட்டுரையில் அவரே எழுதுகிறார். தந்தையைப் பற்றிச் சொல்லும்போது, மதக் கட்டுப்பெட்டித்தனம் இல்லாதவர், ஆனால் கடவுள் நம்பிக்கை உள்ளவர், தினமும் பிரார்த்திக்கத் தம்மை ஊக்குவித்தவர் என்கிறார். பஞ்சாபி மொழிக்கு நாகரி எழுத்தைப் பரிந்துரைத்து 1924-இல் அவர் எழுதிய கட்டுரையையும் இத்தரப்பினர் எடுத்துக்காட்டுவதுண்டு. அது ஒரு 17 வயது இளைஞரின் மொழிக் கொள்கை. நாடு முழுதும் ஒரே எழுத்து இருந்தால் நல்லது என்று அக்காலத்தில் பலர் கருதினார்கள். அதிலிருந்து மத நம்பிக்கையைப் பிழிந்தெடுக்க முடியாது.

சீக்கியத் தரப்பின் சான்றுகள் 1921 பிப்ரவரியில் தொடங்குகின்றன. அம்மாதம் 20-ஆம் தேதி நன்கானா சாகிப் குருத்வாராவுக்குள் அமைதியாகச் சென்ற சீக்கிய ஜத்தாவினரை (தொண்டர் குழுவினரை), அதைத் தன் பிடியில் வைத்திருந்த மகந்து (மடத் தலைவர்) நாராயண் தாசின் அடியாட்கள் வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். மாண்டவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். பஞ்சாபின் சீக்கிய இளைஞர்களை உலுக்கிய அந்த நிகழ்வுக்குப் பின்னரே பகத்சிங் கேசம், அதாவது சீக்கிய நெறிப்படி வெட்டாத முடி, வளர்க்கத் தொடங்கினார். 1924-இல் ஜைத்தோ குருத்வாராப் போராட்டத்துக்குச் சென்ற ஜத்தாவினர் தம் ஊர் வழியே வந்தபோது, அரசின் கெடுபிடியை மீறி அவர்களுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்தார். தேசியக் கல்லூரி மாணவர்களின் நாடகக் குழுப் படத்தில் அவர் தலைப்பாகையோடு நிற்கிறார். இவையெல்லாம் உண்மை. இதே ஆண்டுகளைப் பற்றி அவர் கைப்படச் சொன்னதும் நம் முன் இருக்கிறது: அப்போது வெட்டாத முடியை வைத்திருந்தேன், ஆனால் சீக்கியத்தின் அல்லது வேறெந்த மதத்தின் புராணங்களையும் கோட்பாடுகளையும் என்னால் ஒருபோதும் நம்ப முடிந்ததில்லை, எனினும் கடவுள் இருக்கிறார் என்பதில் உறுதியான நம்பிக்கை இருந்தது என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தில் கேசத்தையும், மதக் கோட்பாட்டையும், கடவுள் நம்பிக்கையையும் அவர் மூன்றாகப் பிரித்துவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் மூன்றையும் மறுபடி ஒன்றாக முடிந்துவைத்தார்கள்.

நம்பிக்கை எப்போது கழன்றது என்பதற்கும் அவரே காலக்கெடு தருகிறார். 1926-ஆம் ஆண்டின் முடிவுக்குள், உலகைப் படைத்து நடத்தும் சர்வ வல்லமை படைத்த ஒரு சக்தி உண்டென்ற கருத்து அடிப்படையற்றது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அதை நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி விவாதிக்கவும் தொடங்கினார். பக்கூனின், மார்க்ஸ், லெனின், டிராட்ஸ்கி ஆகியோரின் எழுத்துகளைப் படித்ததை இந்த மாற்றத்தோடு இணைத்துச் சொல்கிறார். 1927 மே மாதத்தில் லாகூரில் கைதானபோது, நாளுக்கு இருமுறை பிரார்த்திக்கும்படி சில போலீஸ் அதிகாரிகள் தம்மை வற்புறுத்தியதையும், நிம்மதியான நாட்களில் மட்டும் நாத்திகனாக இருந்துவிட்டு நெருக்கடியில் மாறிவிடுவேனா என்று தம்மைத் தாமே சோதித்துப் பார்த்து உறுதியாக நின்றதையும் பதிவு செய்கிறார்.

இதே காலத்தில் அவருடைய அரசியல் அமைப்புகளும் மதத்தைப் பற்றித் தெளிவான நிலை எடுத்தன. 1926 மார்ச்சில் லாகூரில் தோன்றிய நவஜவான் பாரத் சபை, வகுப்புவாத அமைப்புகளோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது, மதம் ஒவ்வொருவரின் சொந்த நம்பிக்கை என்று கருதிப் பொதுமக்களிடம் சகிப்புணர்வை வளர்க்க வேண்டும் என்பவற்றைத் தன் விதிகளில் சேர்த்தது. 'கிர்த்தி' இதழில் 1928 மே, ஜூன் மாதங்களில் வெளியான அவருடைய கட்டுரைகள் மதமும் விடுதலைப் போராட்டமும், வகுப்புக் கலவரங்கள், தீண்டாமை ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பேசின. மதத்தை அரசியலிலிருந்து பிரித்துவைத்த 1914-15 காலத்து, வெளிநாடுவாழ் இந்தியர் தொடங்கிய கதர் ('கிளர்ச்சி') கட்சித் தியாகிகளை அவர் முன்மாதிரியாகக் காட்டினார். கலவரத்தைத் தூண்டுவதில் தலைவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் உள்ள பங்கை வெளிப்படையாகச் சாடினார். லாலா லஜபதிராய் இந்து மகாசபைப் பக்கம் சாய்ந்தபோது, கொள்கையைக் கைவிட்ட ஒரு தலைவரைப் பழிக்கும் ஆங்கிலக் கவிதையை அச்சிட்டு அவருக்கு எதிராகப் பரப்பியவர்களும் இந்த இளைஞர்களே. போலீஸ் தடியடிக்குப் பின் 1928 நவம்பரில் லஜபதிராய் இறந்தபோது, ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரி சாண்டர்சைச் சுட்டுப் பழிவாங்கியவர்களும் அவர்களே. லஜபதிராய்க்காகத் துப்பாக்கி எடுத்ததை வைத்து அவரை இந்துத்துவ வரிசையில் சேர்ப்போர் முதல் பாதியைச் சொல்வதில்லை.

இனி கேசத்துக்கு வருவோம், ஏனெனில் வழக்கில் அதிகச் சத்தம் அங்கிருந்துதான் எழுகிறது. 1928-இல் தலைமறைவு வேலைக்காகப் பகத்சிங் முடியையும் தாடியையும் மழித்துக்கொண்டார். 1929 ஏப்ரல் 8-ஆம் தேதி டெல்லியில் மத்தியச் சட்டமன்றத்தில் அவரும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசுவதற்குச் சில நாட்கள் முன்பு, காஷ்மீரி கேட் பகுதியிலிருந்த ஒரு புகைப்பட நிலையத்தில், கைதான பின் பத்திரிகைகளுக்குப் பயன்படட்டும் என்று திட்டமிட்டே படம் எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பியத் தொப்பி, மெல்லிய மீசை, நேராகப் பார்க்கும் கண்கள்: சில வாரங்களுக்குள் நாடு முழுதும் பரவிய முகம் அதுதான். அவருடைய எழுத்துகளைத் தொகுத்த பேராசிரியர் சமன்லால், பகத்சிங்கின் உண்மையான புகைப்படங்கள் நான்கு மட்டுமே என்கிறார்: சிறுவயதில் தலைப்பாகையோடு ஒன்று, கல்லூரி நாடகக் குழுவோடு ஒன்று, 1927-இல் போலீஸ் காவலில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து தலைமுடியை முடிந்தபடி ஒன்று, பிறகு தொப்பி அணிந்தது. இன்று சுவர்களிலும் அலுவலகங்களிலும் தொங்கும் மஞ்சள் தலைப்பாகைப் படம் இந்த நான்கில் எதிலும் இல்லை. அது ஓவியர்களின் கற்பனை.

2008-இல் நாடாளுமன்ற வளாகத்தில் வைக்கப்பட்ட வெண்கலச் சிலையும் தலைப்பாகையோடுதான் அமைந்தது. தூக்கிலேறிய இளைஞரின் சாயல் அதில் இல்லை என்று உறவினரும் ஆய்வாளரும் அப்போதே குறை சொன்னார்கள். 2022 மார்ச் 16-ஆம் தேதி கட்கர் கலானில் பஞ்சாப் முதல்வராகப் பதவியேற்ற பகவந்த் மான் மஞ்சள் தலைப்பாகையை அந்த நாளின் அடையாளமாகவே ஆக்கினார். அரசு அலுவலகங்களில் அம்பேத்கரோடு பகத்சிங்கின் தலைப்பாகைப் படமும் ஏறியது. இதில் ஒரு நியாயத்தை மறுப்பதற்கில்லை. பஞ்சாபின் கிராமத்தாருக்குத் தலைப்பாகை மதச் சின்னமாக இருப்பதோடு, நிலத்தின், குடும்பத்தின், மானத்தின் அடையாளமாகவும் இருக்கிறது. அவருடைய சிற்றப்பா அஜித் சிங் 1907-இல் நடத்திய விவசாயிகள் போராட்டத்தின் முழக்கமே 'உழவனே, தலைப்பாகையைக் காத்துக்கொள்' என்பதுதான். அந்த வழியில் அவரைத் தங்கள் மண்ணின் மகனாக வரைவது புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அவரே தேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட கடைசிப் படத்தை அகற்றிவிட்டு அந்த இடத்தில் கற்பனைப் படத்தை வைப்பது வேறு வேலை.

சீக்கியத் தரப்பின் வலுவான சான்று புகைப்படங்களைச் சார்ந்ததில்லை. பாய் ரண்தீர் சிங்கின் எழுத்தைச் சார்ந்தது. 1915 லாகூர் சதி வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, ஆழ்ந்த சமய வாழ்வால் சீக்கியர்களிடையே பெரும் மதிப்புக்குரியவராக விளங்கிய அவர், 1930 அக்டோபர் 4-ஆம் தேதி விடுதலையாகும் தறுவாயில் பகத்சிங்கைச் சிறையில் சந்தித்தார். கேசத்தை மழித்ததற்காகப் பகத்சிங் வருந்தினார் என்றும், தம் பேச்சால் மனம் மாறிச் சீக்கிய நெறிக்குத் திரும்பினார் என்றும் பிற்காலத்தில் வெளியான தம் நினைவுகளில் அவர் எழுதினார். அவர் வேண்டுமென்றே புனைந்தார் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. சாகப்போகும் இளைஞரைத் தன் நெறிக்கு மீட்டுவிட வேண்டும் என்று மனமார விரும்பிய ஒரு பெரியவர், அந்த உரையாடலின் மரியாதையையும் நெகிழ்ச்சியையும் மனமாற்றமாகவே கேட்டிருக்கக்கூடும்.

ஆனால் தேதிகள் இருக்கின்றன. சந்திப்பு நடந்தது அக்டோபர் 4. நாத்திகக் கட்டுரை எழுதப்பட்டது அக்டோபர் 5, 6. மரண தண்டனைத் தீர்ப்பு அக்டோபர் 7. கடவுளை மறுப்பது தம் ஆணவத்தால் விளைந்ததா என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாகவே அந்தக் கட்டுரை தொடங்குகிறது. ரண்தீர் சிங்கின் பெயர் அதில் இல்லை. நண்பர்கள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார். எனினும் அந்தச் சந்திப்பே கட்டுரைக்குத் தூண்டுகோல் என்று பலர் கருதுவதற்குத் தேதிகளின் நெருக்கம் போதிய காரணம். முதல் நாள் மனம் திரும்பியவர் அடுத்த இரண்டு நாட்களில் இதை எழுதியிருக்க முடியாது. பிரார்த்திக்கச் சொன்ன நண்பர் ஒருவர், கடைசி நாளில் நீ நம்பத்தான் போகிறாய் என்றாராம். சுயநலத்துக்காகப் பிரார்த்திப்பது என்னை நானே தாழ்த்திக்கொள்வதாகும், அதைச் செய்யமாட்டேன் என்று தாம் பதில் சொன்னதைக் கூறித்தான் கட்டுரை முடிகிறது.

அப்படியானால் கட்டுரையே போலியாக இருக்கலாமே என்று சிலர் ஐயம் எழுப்புகிறார்கள். இடதுசாரிகள் பின்னால் இட்டுக்கட்டியது என்பது அவர்களின் வாதம். இந்த வாதம் நிற்பதற்குத் தடையாக இருப்பது அச்சேறிய இடமும் நாளுமே. லஜபதிராய் தொடங்கிய 'தி பீப்பிள்' என்ற லாகூர் வார இதழில், தூக்குக்கு ஆறு மாதம் கழித்து, 1931 செப்டம்பர் 27-ஆம் தேதி அது வெளியானது. அந்த இதழ் இடதுசாரிகளின் கைப்பாவை அன்று. பகத்சிங்கின் தந்தையும் தோழர்களும் அதே நகரில் உயிரோடு இருந்தார்கள். தாய் வித்யாவதி 1975 வரை வாழ்ந்தார். சிறையில் அவர் வைத்திருந்த 404 பக்கக் குறிப்பேட்டிலும், மதத்தை மக்களின் அபினி என்ற மார்க்சின் வரி உட்பட, கட்டுரையின் போக்கோடு இசையும் மேற்கோள்களே நிறைந்திருக்கின்றன. கட்டுரைக்குப் பின்னர், மார்ச் மாதத்தில் மாறியிருக்கலாமே என்றால், தம்மைப் போர்க் கைதியாகக் கருதித் துப்பாக்கியால் சுடும்படி ஆளுநருக்கு மார்ச் 20-ஆம் தேதி எழுதிய கடிதத்திலோ, 22-ஆம் தேதி தோழர்களுக்கு எழுதிய கடிதத்திலோ அத்தகைய மாற்றத்தின் சுவடு இல்லை. ஒருவர் என்ன நம்பினார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய வாக்குமூலத்தைவிட மற்றொருவரின் நினைவு வலுவான சான்றாகாது. இறக்கும்போது பகத்சிங் நாத்திகராகவே இருந்தார் என்று கொள்வதே சான்றுகளுக்கு நேர்மையான முடிவு.

கட்டுரை வெகு சீக்கிரமே தமிழ்நாட்டையும் எட்டியது. தூக்கு நிறைவேறிய ஆறாவது நாள், 1931 மார்ச் 29-ஆம் தேதி 'குடி அரசு' இதழில் பெரியார் பகத்சிங்கைப் பற்றித் தலையங்கம் எழுதினார். ஆளுநருக்கு அவர் எழுதிய கடிதத்தை முன்வைத்து, சமதர்மமும் பொதுவுடைமையுமே அவருடைய கொள்கை, நாட்டுக்கு வேண்டியதும் அதுவே என்பது அத்தலையங்கத்தின் சாரம். நாத்திகக் கட்டுரை அப்போது அச்சில் வந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது வெளிவந்த பிறகு ப. ஜீவானந்தம் அதைத் தமிழாக்கினார். சுயமரியாதை இயக்கத்தின் வெளியீடாக அது வந்தபோது, மொழிபெயர்த்த ஜீவாவும் வெளியிட்ட பெரியாரின் தமையனார் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் 1935-இல் கைதானார்கள். இதனால் தமிழ் வாசகரிடையே பகத்சிங் முதலிலிருந்தே நாத்திகராக அறிமுகமானார். பஞ்சாபில் இன்னும் சண்டைக்குரியதாக இருக்கும் செய்தி இங்கே பள்ளி மாணவருக்கும் தெரிந்த ஒன்று. கூடவே ஒரு குறையும் சேர்ந்துகொண்டது. நன்கானாவும் ஜைத்தோவும் கதர் கட்சியும் இல்லாத, எந்த மண்ணிலும் வேர்விடாத ஒரு பகத்சிங்கே நம்மிடம் வந்து சேர்ந்தார்.

நாத்திகத் தரப்பும் தன் பங்குக்கு நாட்காட்டியை நிறுத்துகிறது. அவருடைய நாத்திகத்தை அவருடைய இயக்கம் முழுவதன் நாத்திகமாக விரிப்பது சரியன்று, அதை அவரே சொல்லவுமில்லை. 1927 டிசம்பரில் தூக்கிலேறிய காக்கோரி ரயில் கொள்ளை வழக்குத் தியாகிகள் நால்வரும் கடைசி நாளைப் பிரார்த்தனையில் கழித்தார்கள் என்று அதே கட்டுரையில் எழுதுகிறார். ராம் பிரசாத் பிஸ்மில் வைதிக ஆரிய சமாஜி. சோஷலிச நூல்களை ஆழ்ந்து கற்ற ராஜேந்திர லாஹிரியாலும் உபநிடதத்தையும் கீதையையும் ஓதும் ஆசையை அடக்க முடியவில்லை என்கிறார். அஷ்பாகுல்லா கான் தொழுகை தவறாத முஸ்லிம். இவர்களை அவர் கேலி செய்யவில்லை. அவர்களின் தியாகத்தைக் குறைத்து மதிப்பிடவுமில்லை. நம்பிக்கையுள்ள இந்து மறுபிறவியில் அரசனாவதையும், முஸ்லிமோ கிறிஸ்தவரோ சொர்க்க இன்பத்தையும் எதிர்பார்க்கலாம், கழுத்தில் கயிறு இறுகும் கணமே என் முடிவு என்று தெரிந்தும் நான் இதற்கு வந்தேன் என்றுதான் சொன்னார். அந்த வரியில் வாதத்தைவிடத் தனிமையே அதிகம் கேட்கிறது என்று எனக்குப் படுகிறது. மதங்களைக் கடந்து நிற்பதைப் புரட்சியாளர் எல்லாரும் ஒரே வழியில் செய்யவுமில்லை. பகத்சிங்கைத் தம் வழிகாட்டியாகக் கொண்ட உத்தம் சிங், 1940-இல் லண்டனில், ஜாலியன்வாலா பாக் படுகொலையின்போது பஞ்சாப் ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ'ட்வயரைச் சுட்டுக் கைதானபோது, தம் பெயரை முகமது சிங் ஆசாத் என்று கொடுத்தார். மதத்தைத் துறப்பது ஒருவர் வழி. மதப் பெயர்களைக் கோத்து அணிவது மற்றவர் வழி.

அண்மை ஆண்டுகளில் இந்த வழக்கு எதிர்த்திசையிலும் நகர்ந்தது. 2022 ஜூலையில் சங்ரூர் நாடாளுமன்ற உறுப்பினர் சிம்ரஞ்சித் சிங் மான், பகத்சிங்கைப் பயங்கரவாதி என்றார். ஆங்கிலேய அதிகாரி சாண்டர்சோடு, அமிர்தம் (சீக்கிய தீட்சை) பெற்ற சீக்கியரான தலைமைக் காவலர் சன்னன் சிங்கும் கொல்லப்பட்டார் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. சன்னன் சிங்கைச் சுட்டவர் சந்திரசேகர ஆசாத் என்பது ஒருபுறம் இருக்க, இறந்தவரின் சமய அடையாளத்தைக் கொண்டு கொன்றவரின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் தர்க்கம் இங்கே வேலை செய்கிறது. ஒரு தரப்பு அவரைச் சீக்கியராக மீட்க முயல, மற்றொரு தரப்பு அதே அளவுகோலை வைத்தே வெளியே தள்ளியது.

எல்லைக்கு அப்பால் லாகூரில் வழக்கு நிஜமான நீதிமன்றத்துக்கே போனது. தூக்குமேடை இருந்த பழைய சிறை இடிக்கப்பட்டு, அந்த இடம் இன்று ஷாத்மான் சவுக் எனும் நாற்சந்தியாக இருக்கிறது. அதற்குப் பகத்சிங்கின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று லாகூர் மக்களில் ஒரு பகுதியினர் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். 2012-இல் நகர நிர்வாகம் இசைந்தபோது மத அமைப்புகள் எதிர்த்தன. முடிவு கிடப்பில் விழுந்தது. பெயர் சூட்டக் கோருவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் சான்று, சிறைக் கைதிகளின் உண்ணாவிரதத்தை ஆதரித்து 1929 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முகம்மது அலி ஜின்னா ஆற்றிய உரை. பாகிஸ்தானை நிறுவியவரே பரிந்து பேசிய ஒருவருக்கு, அவர் பிறந்து, படித்து, உயிர்விட்ட நிலத்தில் ஒரு தெருமுனை கிடைக்காதா என்பது அவர்களின் கேள்வி.

2024 நவம்பரில் பஞ்சாப் மாகாண அரசு, பெயர் மாற்றும் திட்டம் கைவிடப்பட்டதாக லாகூர் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு ஆதாரமாக, ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவரின் கருத்துரை முன்வைக்கப்பட்டது. பகத்சிங் புரட்சியாளர் இல்லை, குற்றவாளி என்றும், முஸ்லிம்களுக்கு எதிரான மதத் தலைவர்களின் செல்வாக்குக்கு உட்பட்டவர் என்றும் அதில் இருந்தது. அதே கருத்துரை, ஒரு நாத்திகரின் பெயரைப் பாகிஸ்தானில் ஓர் இடத்துக்குச் சூட்டுவது ஏற்கத்தக்கதன்று என்றும் சொன்னது. மதத் தலைவர்களால் இயக்கப்பட்டவர் என்பதும் நாத்திகர் என்பதும் ஒரே தாளில் எப்படிப் பொருந்தும் என்பதை எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தியாவில் அவரைக் கொண்டாடுவோரில் பலர் சொல்லத் தயங்கும் ஒரு செய்தியை, லாகூரில் அவருக்கு இடம் மறுப்பதற்கான காரணமாகவே எழுதி நீதிமன்றத்தில் பதிவு செய்திருக்கிறார்கள்.